காலி வீதி நெரிசலில் நின்றுபோகும் பீட்டில்

கார்புரேட்டரை (பெற்றோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குத் தரும் பாகம்) மாற்றுவதா என்று கேட்டீர்கள்; மாற்ற வேண்டாம். வெள்ளவத்தை நெரிசலில் நின்று, அரை மணி ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும் 1967 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் என்கிறீர்கள். முதலில் இஞ்சினைச் சுற்றியுள்ள இறப்பர் சீல் பட்டியைப் பாருங்கள்.

இஞ்சின் தகடுகளுக்கும் காரின் பொடிக்கும் (body) இடையே அது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டர்களைக் கடந்து கீழே போன சூட்டுக் காற்றையே இஞ்சினைக் குளிரவைக்கும் விசிறி திரும்ப இழுக்கும். அப்பாவின் பீட்டிலுக்குப் பெயின்ட் அடித்த கராஜில் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். இரண்டு வருடம் நானும் தம்பியும் பம்பலப்பிட்டிச் சந்தியில் வண்டி தள்ளினோம். சீல் இல்லாவிட்டால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள்.

அடுத்த முறை நின்றதும் சாவியை நிறுத்தி, எயார் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டருக்குள் பார்த்தபடி த்ரொட்டிலை (அக்சிலரேட்டரை மிதித்தால் அசையும் நெம்பு) ஒருமுறை கையால் தள்ளுங்கள். பெற்றோல் பீச்சாவிட்டால், அது பம்பிலோ குழாயிலோ சூட்டில் ஆவியாகிறது. பீச்சினால் பெற்றோல் பக்கம் சரி, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கொயிலைச் சந்தேகியுங்கள்.

பெற்றோல் ஹோஸில் வெடிப்பு இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், முதலில் அதை மாற்றுங்கள். அந்த இஞ்சினின் உடல் மக்னீசியக் கலவை. பற்றிக்கொண்டால் தண்ணீருக்கு அடங்காது.