சிக்னல் கோடு முழுசா இருக்கு, நெட் ஏன் ஓடலை?

செல்போன் சிக்னல்கள் ஒன்றையொன்று கெடுப்பது பற்றி ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் கேட்டவை. பதில் சொல்பவர், இந்தப் பக்கம் டிரைவ் டெஸ்ட் எடுக்கும், அதாவது வண்டியில் சுற்றிச் சிக்னலை அளக்கும் பொறியாளர்.

மண்டபம்: சார், வீட்டில் கோடு முழுசாக நிற்கிறது. வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறதே?

கோடு சொல்வது, டவரிலிருந்து எவ்வளவு பலமாக வருகிறது என்பதை மட்டும்தான். 4ஜியில் பக்கத்துப் பக்கத்து டவர்கள் பெரும்பாலும் ஒரே அலைவரிசையில் ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் வீடு இருந்தால் இரண்டும் சம பலத்தில் வரும். போனுக்கு ஒன்று சிக்னல், மற்றது வெறும் இரைச்சல். நெட்வொர்க் அளவு காட்டும் செயலி ஒன்றைப் போட்டு ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு) இரண்டையும் பாருங்கள். முன்னது மைனஸ் 80 என்று நன்றாக இருந்தும் பின்னது பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தால் சந்தேகமே வேண்டாம், பக்கத்து டவர்தான். அறை மாறிப் பாருங்கள். அந்த டவரைச் சுவர் மறைத்துவிட்டால், கோடு ஒன்று குறைந்தாலும் வேகம் கூடும்.

கீழக்கரை: பக்கத்து வீட்டுக்காரரும் அதே டவர்தான். அவர் போன் என் போனைக் கெடுக்குமா?

4ஜியில் அநேகமாகக் கெடுக்காது. அலைவரிசையை 15 கிலோஹெர்ட்ஸ் இழைகளாகப் பிரித்து, யாருக்கு எது என்று மில்லிசெகண்டுக்கு ஒருமுறை டவர் பங்கு வைக்கிறது. பழைய 3ஜியில்தான் ரோதனை. எல்லோருக்கும் ஒரே அலைவரிசை, ஒரே நேரம், குறியீடு மட்டும் வேறு. டவர் அடியில் நிற்பவர் ஊர்க்கோடியில் இருப்பவரை அமுக்கிவிடுவார். அதனால் ஒவ்வொரு போனையும் ‘பலத்தை ஏற்று, இறக்கு’ என்று டவர் செகண்டுக்கு 1500 தடவை அதட்டிக்கொண்டிருந்தது.

ராமேஸ்வரம்: ஆடி அமாவாசை அன்று மெசேஜ் கூடப் போவதில்லை.

அது நெரிசல். பங்கு கேட்பவர் அதிகம், அவ்வளவுதான்.

ராமேஸ்வரம், லாட்ஜ் நடத்துபவர்: ஆன்லைனில் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் விற்கிறார்களே, மாட்டலாமா?

வேண்டாம் அண்ணே. அனுமதியில்லாமல் மாட்டுவது சட்டப்படி குற்றம். சிக்னலை வாங்கும் மொட்டை மாடி ஆன்டெனாவும் அதை உள்ளே பரப்பும் வராந்தா ஆன்டெனாவும் நெருக்கமாக இருந்தால், ஸ்பீக்கர் பக்கம் போன மைக் கூவுகிற மாதிரி பூஸ்டர் தன் சத்தத்தையே வாங்கிப் பெருக்கும். அந்த இரைச்சல் நேரே டவரின் காதில் விழும். உங்கள் லாட்ஜில் கோடு ஏறும், தெருவில் போன் பேச்சு அறுந்து அறுந்து போகும். இப்படிப்பட்ட பெட்டியைத் தேடி மாடி மாடியாக ஏறுவது எங்கள் வேலையில் பெரிய தலைவலி. வைஃபை வழியாகவே போன் பேசும் வைஃபை காலிங் போட்டுக்கொள்ளுங்கள், போதும்.

தொண்டி, படகுக்காரர்: சில நாள் கடலில் ரொம்ப தூரத்திலும் சிக்னல் கிடைக்கிறது. எப்படி?

காற்று ஓய்ந்த நாளில் கரையின் சூடான, வறண்ட காற்று ஈரமான கடல்காற்றின் மேல் படியும். அலை மேலே தப்பாமல் அந்த அடுக்குக்குள்ளேயே வளைந்து வெகுதூரம் ஓடும். உங்களுக்கு லாபம், அக்கரை டவருக்குத் தொல்லை. அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும் டிடிடி வகையில் இன்னும் மோசம். 150 கிலோமீட்டர் கடந்த அலை அரை மில்லிசெகண்ட் பிந்தி வரும். அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் நடுவில் விட்ட இடைவெளி அதைவிடக் குறைவென்றால், டவர் போன்களைக் கேட்க வேண்டிய நேரத்தில் அந்த அலை வந்து விழும்.

இன்னொரு கேள்வி: தனுஷ்கோடி போனால் இலங்கை நெட்வொர்க் காட்டுகிறது. காசு பிடிக்குமா?

தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தானே, காட்டத்தான் செய்யும். ரோமிங்கை அணைத்துவிட்டு, நெட்வொர்க் தேர்வை ஆட்டோவிலிருந்து மாற்றி உங்கள் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுங்கள். திரும்பி வந்ததும் ஆட்டோவில் போட மறக்காதீர்கள்.