வெள்ளம் கேட்கும் மகள்

அன்புள்ள ஐயா,

நான் மதுரைக்காரி. கல்யாணமாகி மார்த்தாண்டம் வந்து ஏழு வருடம் ஆகிறது. இங்கே தண்ணீரை ‘வெள்ளம்’ என்கிறார்கள். ‘குடிக்க வெள்ளம் தாம்மா’ என்று இப்போது மகளும் கேட்கிறாள். ஊருக்குப் போனால், ‘பிள்ளை மலையாளம் பேசுதே’ என்று அம்மா வருத்தப்படுகிறார். வெள்ளம் என்றால் ஆற்றுப்பெருக்குதானே? அவளைத் திருத்தலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தயவுசெய்து திருத்த வேண்டாம். அவள் பேசுவது தமிழ்தான். பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்களே, ‘வெள்ளத் தனைய மலர்நீட்டம்’ என்ற குறள். குளத்தில் நீர் எவ்வளவு நிற்கிறதோ, பூவின் தண்டும் அவ்வளவு நீளம். அங்கே எந்த ஆறும் பெருக்கெடுக்கவில்லை. உங்கள் மகள் கேட்கும் வெள்ளம்தான் அது.

பெருக்கு என்ற பொருளும் பழையதுதான். அப்புறம் எப்படிப் பிரிந்தது? தண்ணீர் என்றால் குளிர்ந்த நீர். அந்தச் சொல் மெல்ல எல்லா நீருக்கும் பொதுப்பெயராகிவிட்டது. இன்று ‘சுடுதண்ணி’ என்கிறோம், அதிலுள்ள ‘தண்’ நம் காதில் விழுவதே இல்லை. அன்றாடப் புழக்கத்தைத் தண்ணீர் எடுத்துக்கொண்ட ஊர்களில் வெள்ளத்துக்குப் பெருக்கு மட்டும் மிஞ்சியது. மலையாளத்தில் அன்றாட நீரே வெள்ளம் என்பதால், பெருக்குக்கு ‘வெள்ளப்பொக்கம்’ என்கிறார்கள். ஒரு சொல் நகர்ந்தால் பக்கத்துச் சொல்லும் நகர வேண்டியிருக்கிறது.

சக்கையும் அப்படித்தான். மதுரையில் அது பிழிந்து எறிவது, இங்கே பலாப்பழம்.

திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த விளவங்கோடு, அதாவது உங்கள் மார்த்தாண்டம் இருக்கும் வட்டம், சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. இங்குள்ள கேரள எல்லைக்கு இந்த வயதுதான். சொற்கள் அதற்கு எவ்வளவோ முன்பே இரண்டு பக்கமும் புழங்கியவை.

‘பைப்பில வெள்ளம் வந்தாச்சு’ என்றால் உங்கள் மகள் குடத்தைத் தூக்குவாள். ‘குழித்துறை ஆற்றில் வெள்ளம்’ என்று டிவியில் சொன்னால் பயப்படுவாள். இந்த வித்தியாசத்தை யாரும் அவளுக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பைப்பும் ஆறும் பொருளைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

நானும் வெள்ளம் கேட்டு வளர்ந்தவன். வெளியூர் விடுதியில் கூடப் படித்தவர்கள் சிரித்ததால் அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டேன். அம்மாவிடம்கூடத் தண்ணீர்தான் கேட்டேன். இன்றும் அதை நினைத்தால் வலிக்கிறது.

உங்கள் அம்மாவிடம் அந்தக் குறளைச் சொல்லிப் பாருங்கள். மாமியாரிடம் எனக்காக ஒன்று கேளுங்கள்: ஆறு கரைபுரண்டு வந்தால் அவர் வாயில் வரும் சொல் என்ன? அவர் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள்.