ரீச்சரிடம் கேளுங்கள்: கன்னியாவுக்கும் ஒரு சுற்றுலாவா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாடசாலைச் சுற்றுலா பற்றியவைதான். கடல் அடங்கி, மழை விட்டு, இரண்டாம் தவணை நடக்கிற காலம், அதனால் இருக்கும். நான் திருகோணமலையில் ஒரு கிறிஸ்தவ ஆரம்பப் பாடசாலையில் நீண்ட காலம் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவள். அங்கே கண்டதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகள் தரம் 3. வேறு பாடசாலைப் பிள்ளைகள் எல்லாரும் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போகிறார்கள். எங்கள் பிள்ளைகளைக் கன்னியாவுக்குக் கூட்டிப் போகிறார்களாம். கன்னியாவுக்கு நாங்களே எத்தனையோ தரம் போய்க் குளித்திருக்கிறோம். இதற்கு ஏன் ஒரு சுற்றுலா? (ஒரு தாய், உவர்மலை)

அம்மா, உங்கள் ஏமாற்றம் விளங்குகிறது, பிள்ளை பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்த்து அழுதிருப்பாள். ஆனால் நானும் ஒருமுறை தரம் 3 பிள்ளைகளைத் தெஹிவளைக்குக் கூட்டிப் போனவள். கொழும்பு இங்கிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல். விடியப்புறம் பஸ் ஏறி, பாதிப் பிள்ளைகள் சத்தி எடுத்து, மீதிப் பேர் தூங்கி, அங்கே போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் நின்றது. அடுத்த நாள் வகுப்பில் படம் கீறச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் பஸ்ஸைத்தான் கீறினார்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

கன்னியாவில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். ஏழு கிணறு இருக்கிறது, ஏழிலும் சுடுதண்ணீர், ஏழிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். ஒரு கணக்கு ஆசிரியைக்கு இதைவிட என்ன வேண்டும்?

நாங்கள் செய்த முறையைச் சொல்கிறேன். போவதற்கு முதல் நாள் வகுப்பில் மூன்று பேசின் வைப்போம். ஒன்றில் ஐஸ் போட்ட தண்ணீர், ஒன்றில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், நடுவில் சாதாரண பைப் தண்ணீர். பிள்ளை ஒரு கையைக் குளிர்ந்ததிலும் மற்றக் கையைச் சூடானதிலும் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு இரண்டையும் சேர்த்து நடுப் பேசினில் வைக்க வேண்டும். ஒரு கை சுடுகிறது என்கும், மற்றக் கை குளிர்கிறது என்கும். தண்ணீர் ஒன்றுதானே ரீச்சர், ஏன் இரண்டு கையும் இரண்டு மாதிரிச் சொல்லுது என்று ஒருத்தன் கேட்பான். அந்தக் கேள்வி பிள்ளையின் வாயிலிருந்து வரும்வரை நான் வெப்பமானியை வெளியில் எடுக்கவே மாட்டேன்.

அடுத்த நாள் கன்னியாவில் முதலில் கையால் தொட்டுப் பார்த்து, எது கூடச் சூடு, எது குறைவு என்று ஏழையும் வரிசைப்படுத்திக் கொப்பியில் எழுதுவார்கள். அப்புறம் ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு வாளி தண்ணீர் அள்ளி, ஆசிரியை வெப்பமானி வைத்துப் பார்ப்பார். (காய்ச்சல் பார்க்கிற வெப்பமானி இதற்குச் சரிவராது. பக்கத்துப் பாடசாலை விஞ்ஞானகூடத்தில் சிவப்புத் திரவம் உள்ளதை இரவல் வாங்கலாம், இரசம் உள்ளது வேண்டாம், உடைந்தால் ஆபத்து.) திரும்பி வந்து ஏழு கிணற்றுக்கும் ஏழு பட்டை வரைந்து நிறம் தீட்டி, கை போட்ட வரிசையையும் வெப்பமானி போட்ட வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவோம். பிள்ளைகள் அதன் முன்னால் நின்று சண்டை பிடிப்பார்கள். நல்ல சண்டை அது.

சூடு எங்கிருந்து வருகிறது என்றால் எரிமலை என்று சொல்லாத வகுப்பை நான் கண்டதில்லை. இலங்கையில் எரிமலை இல்லை. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகளால் நிலத்துக்குள் ஆழமாக இறங்கி, அங்கே உள்ள சூட்டில் சூடாகி, வேறு வெடிப்பால் மேலே வருகிறது. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக வாளால் ஏழு இடத்தில் குத்தினான் என்ற கதையை மொழிப் பாடத்தில் சொல்வேன், தண்ணீரின் வழியைச் சுற்றாடல் பாடத்தில் சொல்வேன். இரண்டும் பிள்ளைக்கு வேண்டும், கலந்து குழப்பாமல் சொன்னால் போதும்.

நகரத்திலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவுதான், மத்தியானத்துக்கு முன் பிள்ளை வீட்டில் நிற்பாள். நீங்கள் குளிக்கப் போன கன்னியா வேறு, அவள் போகப்போகிற கன்னியா வேறு. சந்தோசமாக அனுப்புங்கள்.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவர்கள். மகனின் வகுப்பைக் கோட்டைக்கும் கோணேசர் கோயிலுக்கும் கூட்டிப் போகப் போவதாகக் கடிதம் வந்திருக்கிறது. கிறிஸ்தவப் பாடசாலை ஏன் கோயிலுக்குப் போக வேண்டும்? (ஒரு தந்தை, பாலையூற்று)

ஐயா, கோபப்படாமல் வாசியுங்கள். உங்கள் மகனின் வகுப்பில் சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பார்கள், எங்கள் ஊர்ப் பாடசாலைகள் அநேகமாக அப்படித்தான். அந்தப் பிள்ளைகள் உங்கள் மகனோடு கிறிஸ்மஸ் பாலன் குடில் கட்ட வைக்கோல் கொண்டு வருகிறார்கள், ஒளிவிழாவில் தேவதை வேஷம் போடுகிறார்கள். அவர்களுடைய பெற்றோரும் முதல் வருஷம் இதே கேள்வியை என்னிடம் கேட்டவர்கள்தான்.

கோயிலுக்குப் போவது கும்பிடுவதற்காக அல்ல. கும்பிட விரும்புகிற பிள்ளை கும்பிடும், மற்றப் பிள்ளை விருந்தாளி மாதிரிச் செருப்பைக் கழற்றிவிட்டு அமைதியாக நிற்கும். வழிபாட்டில் பங்கெடு என்று எந்த ஆசிரியையும் எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தக் கூடாது, தேவாலயத்திலும் அப்படித்தான். அனுப்ப மனமில்லை என்றால் வகுப்பாசிரியைக்கு நேரே சொல்லுங்கள், அந்த நேரம் மகன் கோட்டைக்குள் மான்களைப் பார்த்துக்கொண்டு இன்னொரு ஆசிரியையோடு நிற்கலாம்.

ஆனால் நான் இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது லேசான விஷயம் இல்லை. கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலையில் இருந்த பழைய கோயிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அதன் கற்களையும் சேர்த்துத்தான் 1624இல் கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள், கோட்டைக்கு இப்போது உள்ள பிரெட்ரிக் என்ற பெயரை 1803இல் ஆங்கிலேயர் வைத்தார்கள். இப்போதைய கோயிலுக்கு 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. இடித்தவர்கள் சிலுவையோடு வந்தவர்கள் என்பதைக் கிறிஸ்தவப் பாடசாலை மறைக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன், மறைத்தால் பிள்ளை அதை வேறு யாரிடமாவது வேறு விதமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். தரம் 5 வகுப்பில் இதை முதல் தடவை சொன்னபோது என் கை நடுங்கியது. ஒரு கத்தோலிக்கப் பெடியன் எழும்பி, "அது பிழைதானே ரீச்சர்" என்றான். ஓம், பிழைதான் என்றேன். பக்கத்தில் இருந்த சைவப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை, தன் கடலைப் பக்கற்றை அவன் பக்கம் தள்ளிவைத்தாள்.

கேள்வி: நான் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியை. தரம் 2, 38 பிள்ளைகள். கடற்கரைக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார் அதிபர். பயமாக இருக்கிறது. அங்கே போய் என்ன செய்வது? புறாத்தீவுக்கும் போகலாமா? (நிலாவெளி)

தங்கச்சி, பயம் இருப்பது நல்லது, பயமில்லாத ஆசிரியையோடு நான் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன்.

புறாத்தீவு இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். படகுப் பயணம் ஒரு பக்கம் இருக்க, அது 2003 முதல் தேசியப் பூங்கா, சுற்றிவரப் பவளப்பாறை, சின்னக் கால்கள் மிதித்தால் பவளமும் உடையும் காலும் வெட்டும். வளர்ந்த பிறகு போகட்டும்.

கடற்கரையில் தண்ணீருக்குள் ஒரு பிள்ளைகூட இறங்கக் கூடாது, கால் நனைக்கவும் கூடாது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு இரண்டு பேராகச் சோடி சேர்த்து, ஏழெட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பெற்றோரையும் சேருங்கள். பஸ் ஏறும்போது, இறங்கும்போது, அலுவல் தொடங்கும்போது, முடியும்போது எண்ணுங்கள். வலயக் கல்விப் பணிமனை அனுமதியையும் பெற்றோரின் கையெழுத்தையும் அதிபர் எடுத்துவிட்டாரா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். காலை ஏழரைக்கு வெளிக்கிட்டால் பத்தரைக்குத் திரும்பிவிடலாம், அதற்குப் பிறகு கச்சான் காற்று வீசத் தொடங்கினால் பிள்ளைகள் வாடிப்போவார்கள்.

என்ன செய்வது என்று கேட்டீர்கள். ஒவ்வொரு சோடிக்கும் நான்கு மீற்றர் கயிறு, இரண்டு நுனியையும் முடிந்து கொடுங்கள். மணலில் சதுரமாக விரித்து அந்தச் சதுரத்துக்குள் இருப்பதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நண்டு வளை எத்தனை, சிப்பி எத்தனை, அடம்பன் கொடி இருக்கிறதா, பிளாஸ்ரிக் எத்தனை. அலைக்குக் கிட்ட ஒரு சதுரமும் மேலே கொடி படர்ந்த இடத்தில் ஒரு சதுரமும் வையுங்கள், எண்ணிக்கை மாறும். பிள்ளைகள் கடலைப் பார்த்து ஓட மாட்டார்கள், தங்கள் சதுரத்தை விட்டு அசைய மனமே வராது.

கேள்வி: சுற்றுலாக் காசு கட்ட வசதியில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி மறித்துவிடட்டுமா? (திருக்கடலூர்)

வேண்டாம் அம்மா. பிள்ளைக்கு அந்தப் பொய் தெரியும், அவன் அதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். வகுப்பாசிரியையைத் தனியாகக் கண்டு உள்ளதைச் சொல்லுங்கள். அநேகமான பாடசாலைகளில் யாராவது ஒரு பழைய மாணவர், ஒரு பங்குத்தந்தை, ஓர் ஆசிரியை சத்தமில்லாமல் இதைப் பார்த்துக்கொள்வார்கள்.

இதை வாசிக்கிற ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. காசு கட்டாதவர்களின் பெயரை வகுப்பில் வாசிக்காதீர்கள். நான் படித்த காலத்தில் ஒரு பாடசாலையில் என் பெயரை அப்படி வாசித்தார்கள், நாற்பது பேருக்கு முன்னால் எழும்பி நின்றேன். எனக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது.

கேள்வி: மகனுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது. சுற்றுலாவை விட்டு ரியூசனுக்கு அனுப்பட்டுமா? (ஒரு தந்தை)

சுற்றுலாவுக்கு அனுப்புங்கள். ரியூசன் அடுத்த நாளும் இருக்கும்.

கேள்வி: பேரன் சுற்றுலா போய்விட்டு வந்து ஒன்றுமே சொல்கிறான் இல்லை. எப்படி இருந்தது என்றால் "நல்லம்" என்கிறான். (ஒரு அம்மம்மா, மூதூர்)

அம்மா, "எப்படி இருந்தது" என்ற கேள்விக்குப் பெரியவர்களே "நல்லம்" என்றுதான் சொல்வார்கள். பஸ்ஸில் பக்கத்தில் யார் இருந்தது, சாப்பாட்டைப் பாதி கொடுத்தாயா, எங்கே நின்றபோது பயமாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் வாய் திறக்காவிட்டால் நீங்கள் தொடங்குங்கள். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முன் பஸ்ஸோடு பாதையில் (வாகனம் ஏற்றுகிற மிதவையில்) ஏறி அக்கரைக்குப் போனதும், மூதூரிலிருந்து லோஞ்சில் குடா கடந்து திருகோணமலைக்கு வந்ததும் உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பாதை என்றால் ரோட்டு என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருப்பான். சொல்லுங்கள், அதை அவனையே ஒரு பக்கம் எழுதச் சொல்லி வகுப்பாசிரியைக்குக் கொடுத்து விடுங்கள்.