நூறு டாலர் தாத்தாவும் இருநூறு வருஷ வட்டியும்

கே: லீவுக்கு வந்த மருமகன் ஒரு நூறு டாலர் நோட்டை காட்டினார். அதுல இருக்கிற வழுக்கைத்தலை பெரியவர்தான் அமெரிக்காவோட முதல் ஜனாதிபதியான்னு கேட்டா, "அப்படித்தான் மாமா இருக்கும்"ங்கறார். சரியா?
– வாசகர், விருதுநகர்

ப: மருமகன் சம்பாதிக்கட்டும், கேள்வி எல்லாம் கேக்காதீங்க. முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன், அவர் இருக்கிறது ஒரு டாலர் நோட்டுல. நூறுல இருக்கிறவர் பெஞ்சமின் பிராங்க்ளின், ஜனாதிபதியே ஆகாதவர். 1706ல பாஸ்டன்ல பொறந்து, அண்ணன் நடத்தின அச்சாபீஸ்ல வேலை கத்துக்கிட்டு, அடி தாங்காம 17 வயசுல பிலடெல்பியாவுக்கு ஓடிப்போன பையன். அப்புறம் சொந்த பிரஸ், பத்திரிகை, தபால் இலாகா, இடிதாங்கி, 1776ல சுதந்திர பிரகடனம், பிரான்ஸ்ல தூதர், 81 வயசுல அரசியல் சட்டத்துல கையெழுத்துன்னு போய்க்கிட்டே இருந்தார். ஆனா தன் உயில்ல பேருக்கு அடுத்து மொதல்ல போட்டுக்கிட்டது "அச்சுத்தொழிலாளி"ன்னுதான், தூதர் பதவி எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

கே: அவர் செத்தப்போ அமெரிக்காவே ஸ்தம்பிச்சிருக்குமே?
– வாசகி, கரூர்

ப: பிலடெல்பியா ஸ்தம்பிச்சுது, 1790 ஏப்ரல்ல சவ ஊர்வலத்துக்கு சுமார் 20,000 பேர். ஆனா தலைவருங்க பண்ணதுதான் கூத்து. அமெரிக்க நாடாளுமன்றத்துல ரெண்டு சபை, பிரதிநிதிகள் சபை ஒரு மாசம் துக்கம்னு தீர்மானம் போட்டுச்சு, இன்னொண்ணான செனட் மாட்டேன்னுடுச்சு. நம்ம அரசாங்கமாவது துக்கம் அனுசரிப்போம்னு வெளியுறவு மந்திரி ஜெபர்சன் போய் சொன்னா ஜனாதிபதி வாஷிங்டனும் வேணாம்னுட்டார், ஒருத்தருக்கு ஆரம்பிச்சா எங்க நிறுத்துறதுங்கறது அவர் கவலை (அதுல நியாயமும் இருக்கு, நம்மூர்ல அரசு விடுமுறை பட்டியலை பாத்தா புரியும்). கடல் தாண்டி இருக்கிற பிரான்ஸ் நாடாளுமன்றம் மூணு நாள் துக்கம் அனுசரிச்சுது. சொந்த ஊர் செனட் முகத்தை திருப்பிக்கிச்சு.

கே: இப்பவாவது மணிமண்டபம், சிலை எல்லாம் இருக்கா?
– வாசகர், பரமக்குடி

ப: இல்லாமலா, பிலடெல்பியாவுல 20 அடி உயர பளிங்கு சிலையே இருக்கு. சமாதி மட்டும் சாதாரண கல்லு, அவர் பேர், சம்சாரம் டெபோரா பேர், வருஷம், அவ்வளவுதான் எழுதியிருக்கு. வர்றவங்க எல்லாம் அது மேல சில்லறைக் காசு வீசிட்டு போறாங்க, சிக்கனத்தை சொல்லிக்கொடுத்த மனுஷனுக்கு காசை வீசி மரியாதை, அது விழுந்து விழுந்து கல்லே பழுதாகி ரிப்பேர் பண்ண வேண்டியதா போச்சு.

எனக்கு பிடிச்சது வேற கதை. மாசசூசெட்ஸ்ல ஒரு ஊர் 1778ல தனக்கு பிராங்க்ளின்னு பேர் வச்சுக்கிட்டு, எங்க சர்ச் கோபுரத்துக்கு ஒரு மணி வாங்கிக்குடுங்கன்னு அவர்கிட்டயே கேட்டுச்சு. சத்தத்தை விட அறிவு மேல்னு சொல்லி மணிக்கு பதிலா நூத்துக்கு மேல புத்தகம் அனுப்பி வச்சார். யார் யாருக்கு அதை இரவல் குடுக்கிறதுன்னு ஊர்ல தகராறு, கடைசியில 1790ல ஊர்க்காரங்க எல்லாருக்கும் இலவசம்னு முடிவாச்சு. அந்தப் புத்தகங்கள் இன்னிக்கும் அந்த ஊர் நூலகத்துல இருக்கு.

கே: அடிமை வச்சிருந்தவர்தானே, அவரை ஏன் கொண்டாடணும்?
– கல்லூரி மாணவி, திருச்சி

ப: வச்சிருந்தார், மறைக்க ஒண்ணுமில்ல. அவர் பத்திரிகையில அடிமை விற்பனை விளம்பரமும் வந்துச்சு, அந்தக் காசும் கல்லாவுல விழுந்துச்சு. வயசான காலத்துல மனசு மாறி அடிமை ஒழிப்பு சங்கத்துக்கு தலைவரானார், சாகறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி காங்கிரசுக்கு (அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அதான் பேர்) மனு போட்டார், அது எடுபடல. ரெண்டையும் சேத்துதான் சொல்லணும், ஒண்ணை மட்டும் சொன்னா அது பொய்.

கே: ஏதோ 200 வருஷத்துக்கு உயில் எழுதி வச்சாராமே, நிஜமா?
– வாசகர், சிவகாசி

ப: நிஜம்தான். பிலடெல்பியா இருக்கிற பென்சில்வேனியா மாநிலத்துக்கு தலைவரா இருந்து வாங்கின சம்பளத்தை தனக்குன்னு வச்சுக்காம, பொறந்த பாஸ்டனுக்கு 1,000 பவுண்டு, வாழ்ந்த பிலடெல்பியாவுக்கு 1,000 பவுண்டுன்னு எழுதி வச்சார். கட்டடம் கட்ட இல்ல, கடன் குடுக்க. 25 வயசுக்குள்ள இருக்கணும், கல்யாணம் ஆகியிருக்கணும், முறையா தொழில் கத்திருக்கணும், ரெண்டு பேர் ஜாமீன் போடணும். 5 சதவீத வட்டி, அசலை வருஷத்துக்கு பத்துல ஒரு பங்கா திருப்பணும். அவரே இளவட்டமா இருந்தப்போ ரெண்டு சிநேகிதங்க குடுத்த கடன்லதான் பிரஸ் ஆரம்பிச்சார், அந்த நன்றிதான் இது. நூறு வருஷத்துல 1,31,000 பவுண்டு ஆகும், அதுல ஒரு லட்சத்தை ஊருக்கு செலவு பண்ணுங்க, மிச்சத்தை இன்னும் நூறு வருஷம் சுத்த விடுங்கன்னு கணக்கும் போட்டு வச்சுட்டார். பனங்கொட்டை ஊனுறவன் நுங்கு திங்கிறதுக்கா ஊனுறான், அந்த மாதிரி.

கணக்கு அப்படியே பலிக்கல. பேக்டரி வந்து தொழில் பழகுற முறையே போச்சு, கடன் கேட்டு வர்ற பசங்க குறைஞ்சாங்க, சிலர் வாங்கினதை கட்டவும் இல்ல. ஆனாலும் 1990 வாக்குல பாத்தா பாஸ்டன்ல ஏறக்குறைய 50 லட்சம் டாலர், பிலடெல்பியாவுல 20 லட்சத்துக்கு மேல!

கே: (இதே வாசகர், விட மாட்டேங்கறார்) அப்ப பாஸ்டன்காரன்தானே கெட்டிக்காரன்?

ப: வியாபாரியா பாத்தா ஆமா. பாஸ்டன் பணத்தை பத்திரமா முதலீட்டுல போட்டு வளத்துச்சு, அவங்க பங்குல ஒரு தொழிற்கல்லூரியும் 1908ல தொறந்தாங்க, அதை குறை சொல்ல முடியாது. பிலடெல்பியா ஜனங்களுக்கு கடனாவே குடுத்துக்கிட்டு இருந்துச்சு, 1940க்கு அப்புறம் பெரும்பாலும் வீட்டுக்கடன், அதான் கம்மியா நின்னுச்சு. என் ஓட்டு பிலடெல்பியாவுக்கு. அந்த 30 லட்சம் குறைச்சலை நஷ்டக் கணக்குல எழுத எனக்கு மனசு வரல, யாரோ கொஞ்சம் பேர் அதுல வீடு வாங்கி குடியிருந்திருக்காங்க சார்.