குளிரிலும் காற்றிலும் குட்டைக் கஞ்சா ரகம் விளையுமா?

கோடை குறுகிய, காற்று ஓயாத ஊரில் தானாகப் பூக்கும் குட்டை ரகம் தேறுமா என்பதுதானே கேள்வி? தேறும். பின்லாந்தில் உருவான ஃபினோலாவைப் பாருங்கள். போதைக்கானதல்ல, எண்ணெய் விதைக்கான ஹெம்ப் ரகம். கனடாவிலும் உரிமம் வாங்கிப் பயிரிடுகிறார்கள்.

சாதாரணக் கஞ்சா, இரவு நீண்டால்தான் பூக்கும். பின்லாந்தில் ஜூன், ஜூலையில் இரவே சரியாக வராது. ஆகஸ்ட் கடைசியில் பூத்தால் விதை முற்றுமுன் உறைபனி வந்துவிடும், அப்புறம் எல்லாம் வீண். ஃபினோலா பகல் நீளத்துக்காகக் காத்திருப்பதில்லை. முளைத்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் பூக்கத் தொடங்கி, நான்கு மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும்.

உயரம் சுமார் ஒன்றரை மீட்டர்தான். நார் ரகங்கள் 3 மீட்டரைத் தாண்டுவதால் பலத்த காற்றில் சாய வாய்ப்பு அதிகம்; இது நின்றுகொள்ளும். மிதமான காற்று தேவையும்கூட, ஏனென்றால் மகரந்தத்தைக் கொண்டுபோவதே காற்றுதான். ஆனால் முற்றிய கதிரைக் காற்று உலுக்கினால் விதை கொட்டும், மிச்சத்துக்குப் பறவைகள் காத்திருக்கும். அதனால் கொஞ்சம் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, உடனே உலர்த்துவார்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது குளிருக்கல்ல, ஈரத்துக்கு. தண்ணீர் தேங்கும் குளிர்ந்த களிமண்ணில் இளங்கன்று மஞ்சளித்து அப்படியே நின்றுவிடும். பூக்கும் நாள் நெருங்கிவிடுவதால், இழந்த வளர்ச்சியை அது ஈடுகட்டவும் முடியாது.