சிவப்பணுவின் உட்கரு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நுரையீரல் குறித்த உங்கள் கட்டுரையைப் படித்தேன். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் பாடக்குறிப்பில், வேர்த்தூவி, குடலுறிஞ்சி, சிவப்பணு என எதன் தகவமைப்பைக் கேட்டாலும் 'பரப்பளவு அதிகம்' என்ற ஒரே விடைதான் இருக்கிறது. சிவப்பணு தன் உட்கருவை, அதாவது மரபுக் குறிப்புகள் இருக்கும் பகுதியை, இழப்பதை எப்படித் தகவமைப்பு என்கிறார்கள், அது குறைபாடு அல்லவா என்று கேட்கிறாள். எனக்கு விடை தெரியவில்லை.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மகள் கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறாள். பரப்பளவு பாதி விடைதான், மறுபாதி தொலைவு. மூலக்கூறுகள் தாமாகப் பரவிச் செல்லும்போது, கடக்கும் தொலைவு இரு மடங்கானால் ஆகும் நேரம் நான்கு மடங்காகிறது என்பதால், பரிமாற்றத்தையே தொழிலாகக் கொண்ட செல் மெலிந்தும் இருந்தாக வேண்டும்.

நுரையீரலில் உள்ள சிறு காற்றுப்பையான காற்று நுண்ணறையின் உட்பரப்பில் ஏறத்தாழ 95 சதவீதத்தை மூடியிருக்கும் முதல் வகைச் செல்கள் அப்படிப்பட்டவை. காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையிலான மொத்தத் தடுப்பும் மெல்லிய இடங்களில் அரை மைக்ரோமீட்டருக்கும் குறைவு. ஓய்வில் இருப்பவரின் சிவப்பணு நுரையீரலின் தந்துகியை, அதாவது மிக நுண்ணிய இரத்தக்குழாயை, கடக்க முக்கால் விநாடி எடுத்துக்கொள்கிறது. ஆனால் முதல் கால் விநாடியிலேயே ஆக்சிஜன் நிரம்பிவிடுகிறது. நாம் ஓடும்போது இரத்தம் விரைந்து பாய்ந்தாலும் குறைவு வராமல் காப்பது எஞ்சிய அந்த அரை விநாடிதான்.

சிவப்பணுவின் அகலம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். நடுப்பகுதியின் தடிமனோ ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர்தான். உட்கரு இருந்திருந்தால் அந்த நடுப்பகுதி புடைத்திருக்கும், ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினுக்கு இடம் குறைந்திருக்கும், தன்னைவிடக் குறுகிய தந்துகிக்குள் மடங்கி நுழைவதும் கடினமாகியிருக்கும். ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் செல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவையும் சிவப்பணு இழந்துவிடுவதால், சுமந்து செல்லும் ஆக்சிஜனில் தனக்கென எதையும் எடுத்துக்கொள்வதில்லை. குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே சிதைத்துத் தன் ஆற்றலைப் பெறுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத செய்தி இது. அதே நேரம், பறவைகளின் சிவப்பணுக்களில் உட்கரு இருக்கிறது, அவை பறக்கவும் செய்கின்றன. ஆகவே இது பாலூட்டிகள் கண்ட வழி என்று சொல்லலாமே தவிர, ஒரே வழி என்று சொல்லக் கூடாது.

குறைபாடா என்றால், அந்தச் செல்லுக்கு இழப்புதான். புதிய புரதம் செய்து தன்னைப் பழுதுபார்க்க இயலாமல் ஏறத்தாழ 120 நாளில் அது அழிகிறது. எலும்பு மஜ்ஜை விநாடிக்கு 20 லட்சம் அளவில் புதியவற்றை உருவாக்குவதால் உடலுக்கு அது கட்டுப்படியாகிறது. நுரையீரலிலும் இதே ஏற்பாடுதான்: மெலிந்த முதல் வகைச் செல்களால் பிளவுபட முடியாது; அவை சிதைந்தால், அருகிலிருக்கும் தடித்த இரண்டாம் வகைச் செல்கள் பெருகி, உருமாறி, அந்த இடத்தை நிரப்புகின்றன.