பட்டறைப் பதில்கள்: கொட்டகையில் கிடந்த மெஷின்

கேள்வி: அண்ணே, அப்பா வாங்கிய ஸ்டில் 038 மரம் அறுக்கும் மெஷின் ஒன்று வீட்டில் இருக்கிறது. அவர் காலமான பிறகு ஆறு வருஷமாக மாட்டுக் கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். மெஷின் வெளியெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. கயிற்றை இழுத்தால் லொடலொடவென்று வருகிறது, பிடிப்பே இல்லை. இப்போது கருவேலங்காடு குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். புது பிஸ்டன் போட்டு, சைலன்சரையும் திறந்துவிட்டுப் பவர் ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா, அண்ணே?
- வாசகர், சாயல்குடி

பதில்: மெஷின் பிழைக்கும் தம்பி. 038-இல் மேக்னம் என்றால் 72 சிசி, மற்றவை சற்றுக் குறைவு. எதுவானாலும் நல்ல கனமான வார்ப்பு, கருவேலத்துக்குப் போதும் போதும் என்ற சக்தி. ஆனால் உங்களுக்குச் சொன்னவர் வேலையைக் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறார். பிஸ்டன் ஏன் போனது என்று பார்க்காமல் புது பிஸ்டன் போட்டால், அதே காரணம் புது பிஸ்டனையும் தின்றுவிடும்.

இந்த மெஷினுக்குத் தனியாக ஆயில் சம்ப் கிடையாது. பெட்ரோலில் கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் பசை. எங்காவது ஒரு சந்து வழியாக வெறும் காற்று உள்ளே நுழைந்தால் பெட்ரோலின் பங்கு குறைகிறது, அதோடு ஆயிலின் பங்கும் குறைகிறது. சூடு ஏறும், பிஸ்டன் விரியும், சிலிண்டர் சுவரோடு உரசி இழுத்துக்கொள்ளும். பழைய மெஷினில் காற்று நுழைகிற இடம் பெரும்பாலும் கிராங்க் ஷாஃப்டின் இரண்டு பக்கமும் இருக்கும் ஆயில் சீல்தான். ரப்பர் வயசாகிக் காய்ந்துவிடும். அடுத்தது, கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பூட்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். மண்டபத்தில் போட் இன்ஜின் வேலை பார்த்துவிட்டு இந்த வேலைக்கு வந்த முதல் வருஷம், கரி மூட்டம் போடும் ஒருவர் மெஷினைக் கொண்டுவந்தார். பிஸ்டன், ரிங் மாற்றி, பெயின்டும் அடித்துக் கொடுத்தேன். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது, அவருக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்றாம் நாள் காலையில் சைக்கிள் கேரியரில் கட்டித் திரும்பக் கொண்டுவந்தார். சைலன்சர் பக்கம் பிஸ்டன் முழுக்க வரிவரியாகக் கிழிந்திருந்தது. மேக்னெட் பக்கத்து சீல் ஓட்டை. முப்பது ரூபாய் சாமானைப் பார்க்காமல் விட்டதற்கு அந்த மனுஷன் ஒரு வாரக் கூலியை இழந்தார். பிஸ்டன் காசை நானே போட்டேன். கூலியை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

அதனால் முதலில் காற்றுச் சோதனை. பழைய பிரஷர் பார்க்கிற கருவி கிடைத்தால் எடுத்து வையுங்கள், டாக்டர் கையில் கட்டுவாரே, அதன் பல்பும் முள் காட்டும் மீட்டரும் போதும். சைலன்சரைக் கழற்றி, அந்த வாயில் சைக்கிள் டியூப் துண்டை வைத்துச் சைலன்சரைத் திரும்ப முடுக்குங்கள். அந்த வாய் அடைபட்டுவிடும். பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். கார்பரேட்டரைக் கழற்றி, ரப்பர் பூட்டில் ஒரு கார்க்கை இறுக்கி, கார்க் நடுவே பல்பின் டியூபைச் செருகுங்கள். கார்பரேட்டருக்குத் துடிப்பு கொடுக்கும் சின்ன இம்பல்ஸ் துவாரத்தையும் அடைக்க மறக்காதீர்கள். பிஸ்டனை மேலே தள்ளி வைத்தால் காற்று கிராங்க் கேஸுக்குள் இறங்கும். 250 வரை ஏற்றிவிட்டுக் கையை எடுங்கள். முள் ஒரு நிமிஷம் நகராமல் நிற்க வேண்டும்.

இறங்கினால் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டுத் தடவிக்கொண்டே வாருங்கள். மேக்னெட்டையும் கிளச்சையும் கழற்றிவிட்டுத்தான் சீல் பக்கம் பார்க்க முடியும். முதலில் ஒன்றும் தெரியாது. விளக்கை அடியில் பிடித்துக் கொஞ்சம் பொறுங்கள். ஷாஃப்டைச் சுற்றிக் கடுகு மாதிரி ஒரு குமிழி எழும், உடையும், அதே இடத்தில் இன்னொன்று எழும். மெஷினைக் கொன்றது அதுதான். இன்னொன்று சொல்கிறேன்: உங்கள் மெஷினுக்கு இருக்கிற வயசுக்கு, முள் நகராமல் நின்றாலும் சீலை மாற்றிவிடுங்கள். உள்ளிருந்து அழுத்தும்போது தாங்குகிற சீல், இன்ஜின் உறிஞ்சும்போது வாய் திறப்பதுண்டு.

சிலிண்டருக்கு வருவோம். கிழிந்த பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பி, வெள்ளிக் கோடு மாதிரி தெரியும். பார்த்ததும் சிலிண்டரே போச்சு என்று தூக்கிப் போடாதீர்கள். சுவரின் பூச்சு கெட்டி, அப்பியிருக்கும் அலுமினியம் மெத்து. கழிவறை கழுவும் ஆசிட்டை காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, கோட்டின் மேல் மட்டும் தடவுங்கள். நுரைத்துக் கரையும். சுவரில் காற்றும் புகையும் போய்வரும் வாய்களான போர்ட் ஓரங்களில் பட விடாதீர்கள், அங்கே சிலிண்டரின் சொந்த அலுமினியம் வெளியே தெரியும், அதையும் அரித்துவிடும். கையுறை, கண்ணாடி போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். முடிந்ததும் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, உடனே ஆயில் தடவுங்கள். பிறகு நகத்தை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயும் தட்டவில்லை என்றால் அந்தச் சிலிண்டர் உங்கள் பிள்ளை காலத்துக்கும் வரும். நகம் மாட்டினால் பூச்சு போய்விட்டது, வேறு சிலிண்டர்தான். புது பிஸ்டனின் தலையில் அம்புக்குறி இருக்கும், அது சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும்.

நீங்கள் சொன்ன வெள்ளைப் பூப்பு மக்னீசியத்தை உப்புக் காற்று தின்ற அடையாளம். கேஸ் மக்னீசிய வார்ப்பு, திருகாணி இரும்பு. இரண்டும் சேர்ந்த இடத்தில் உப்பு ஈரம் பட்டால் மக்னீசியம்தான் முதலில் கரையும். அதனால் திருகாணிகள் கல் மாதிரி இறுகியிருக்கும். பலத்தைக் காட்டினால் தலை முறியும். மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவரைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுங்கள். பூப்பைக் கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள் தம்பி, மக்னீசியத் தூள் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் எரியும். கை பிரஷ் போதும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, போட் வேலைக்கு வாங்குகிற எபாக்ஸி பிரைமர் ஒரு கோட் அடியுங்கள். திரும்ப முடுக்கும்போது ஒவ்வொரு திருகாணியிலும் கிரீஸ்.

பெட்ரோல் டியூப், கார்பரேட்டர் டயஃப்ரம், ஃபில்டர் மூன்றையும் பார்க்கவே வேண்டாம், மாற்றுங்கள். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். இரண்டு வாரம் வேலை இல்லை என்றால் டேங்கைக் காலி செய்து, அணையும் வரை ஓடவிட்டு வையுங்கள். பிளக் இடைவெளி 0.5 மில்லிமீட்டர். பெட்ரோலில் கலக்க நல்ல டூடி (2T) ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. கூட ஊற்றினால் நல்லது என்று கண்ணளவில் ஊற்றாதீர்கள்.

இனி பவர். உங்கள் காட்டுக்கு நான் செய்யச் சொல்லும் முதல் மாற்றம், செயின் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையான பாரைச் சின்னதாக்குவது. அந்தக் காலத்தில் புளி, வேம்பு அறுக்க 25 அங்குல பார் போட்டிருப்பார்கள். கருவேலத்தில் தொடை கனம் தாண்டுவதே அபூர்வம். 18 அங்குலம் போடுங்கள். கை வலி குறையும், செயின் வேகமாக இழுக்கும், தரையில் நுனி குத்துவதும் குறையும். சைலன்சரைத் திறப்பது அதற்குப் பிறகுதான். அதன் வாயைக் கொஞ்சம் பெரிதாக்கினால் இன்ஜின் நன்றாக மூச்சு விடும், உண்மை. ஆனால் வாயைத் திறந்துவிட்டு, முழு வேகத்தில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கார்பரேட்டரின் எச் (H) திருகாணியைத் தொடாமல் விட்டால் முதலில் சொன்ன அதே கதி, பெட்ரோல் பற்றாமல் இன்ஜின் காய்ந்து ஓடும். சுமை இல்லாமல் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் குரல் சற்றுக் கரகரக்க வேண்டும். மரத்துக்குள் செயின் இறங்கியதும் அது தெளிய வேண்டும். சுமையில்லாமலே கீச்சென்று சுத்தமாகக் கத்தினால் எச்சைக் கொஞ்சம் வெளியே திருப்புங்கள். பொறி தடுக்கும் வலையைக் கழற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பங்குனி, சித்திரையில் காய்ந்த புல்லுக்குள் நின்று அறுப்பீர்கள், ஒரு பொறி போதும்.

காசு மிச்சம் இருந்தால் செயின் பிரேக்குக்குப் போடுங்கள். பட்டையையும் ஸ்பிரிங்கையும் மாற்றி, மெஷின் ஓடும்போது முன் கைக்காப்பை மணிக்கட்டால் தள்ளினால் செயின் சட்டென்று நிற்க வேண்டும். நிற்காத மெஷினைக் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அப்பா பிடித்த மெஷினை நீங்கள் பிடிக்கிறீர்கள் என்பதில் எனக்கும் சந்தோஷம். பிரித்ததும் பழைய பிஸ்டனைத் துடைத்துவிடாமல் அப்படியே கொண்டுவாருங்கள், அதன் முகத்தைப் பார்த்தால் எந்தப் பக்கம் காற்று நுழைந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கேள்வி: தம்பி, நாங்கள் கரி மூட்டம் போடுகிறோம். இரண்டு மெஷின், நாலு ஆள். காலையில் புதுச் செயின் மாட்டினால் மத்தியானத்துக்குள் மழுங்கி, மாவு மாதிரித் தூள் வருகிறது. செயின் மட்டமா, ஆள் சரியில்லையா?
- வாசகி, கடலாடி

பதில்: அக்கா, பெரும்பாலும் இரண்டும் இல்லை, மணல். நம் பக்கம் காற்று அள்ளிப் போடும் மணல் கருவேலம் பட்டையின் வெடிப்புக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அதோடு, கரிக்கு எடை வேண்டும் என்று ஆட்கள் தூரை ஒட்டித் தரையோடு அறுக்கிறார்கள். செயின் ஒரு நொடி மண்ணைத் தொட்டால் பல்லின் முனை போய்விடும். அறுக்கிற இடத்தில் அரிவாளால் பட்டையைச் சீவிவிடச் சொல்லுங்கள், தூரைச் சுற்றி ஒரு சாண் மண்ணை மண்வெட்டியால் ஒதுக்கச் சொல்லுங்கள்.

மழுங்கிய பிறகு தீட்டுவது தாமதம். டேங்க் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு போதும். 3/8 அங்குல அளவுச் செயினுக்கு 5.2 மில்லிமீட்டர் உருண்டை அரம், 0.325 செயினுக்கு 4.8. சைனா மெஷின்களில் பெரும்பாலும் 0.325தான் வரும், பாரில் பொறித்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அரம் உள்ளிருந்து வெளியே ஒரே பக்கமாகத்தான் போக வேண்டும், முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. பல்லுக்கு முன்னால் இருக்கும் மட்டக் கட்டை பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கட்டும். சீக்கிரம் அறுக்க வேண்டும் என்று அதை அதிகம் ராவினால் கருவேலத்தில் மெஷின் எகிறும்.

செயினுக்கு ஊற்றுவது லாரியில் வடித்த வேஸ்ட் ஆயில்தானே? அதில் இரும்புத் துகள் இருக்கிறது, பாரின் பள்ளத்தை அது அகலமாக்கிவிடும், ஊற்றுகிறவர் தோலுக்கும் கெடுதி. புது ஆயிலே ஊற்றுங்கள். பெட்ரோல் டேங்க் தீரும்போது ஆயில் டேங்கும் தீரும் நிலையில் இருக்க வேண்டும். ஆயில் அப்படியே நிற்கிறது என்றால் துவாரம் தூளால் அடைத்திருக்கிறது. ஆளைத் திட்டாதீர்கள் அக்கா, அரமும் மண்வெட்டியும் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: வத்தை (படகு) கட்டுகிறோம். மில்லுக்குக் கொண்டுபோக முடியாத நீள மரத்தை இந்த மெஷினாலேயே பலகை அறுக்கலாமா?
- ஆசாரி, தொண்டி

பதில்: அறுக்கலாம் மேஸ்திரி. குறுக்கே அறுக்கிற செயினின் 30 டிகிரி கோணம் நீளவாக்குக்கு ஆகாது, 10 டிகிரிக்குத் தீட்டிய செயின் வேண்டும், அப்போதுதான் பலகை முகம் வழவழப்பாக வரும். நீளவாக்கில் இன்ஜினுக்கு மூச்சு விட நேரமே இல்லை. 70 சிசிக்குக் குறைந்த மெஷினை இதில் போடாதீர்கள். எச்சைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். ஒரு பலகை முடிந்ததும் உடனே அணைக்காமல் அரை நிமிஷம் ஐட்லிங்கில் விடுங்கள். முதல் அறுப்புக்கு மரத்தின் மேல் நேரான சட்டம் ஒன்றை ஆணியடித்து அதை ஒட்டிப் போங்கள், ஆணி செயின் பாதையில் வராமல்.

கேள்வி: தோட்டத்தில் பட்டுப்போன பனை நிற்கிறது. மெஷின் வைத்துச் சாய்க்கலாமா?
- வாசகர், தேவிபட்டினம்

பதில்: பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்திருக்கிறது, முதலில் மனு கொடுங்கள். அனுமதி வந்த பிறகு ஒன்று கவனியுங்கள். பனைக்கு வைரம் வெளிப்பக்கம், உள்ளே சோறு. பட்டுப்போனதில் உள்சோறு மக்கியிருக்கும், நினைத்த பக்கம் சாயாது. வடம் கட்டி இழுக்க ஆள் இல்லாமல் மெஷினை அதன் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.